ஐந்து நட்சத்திர எர்த்

(மூன்றாமாண்டு மின்னியல் பிரிவு மாணவன்)

நண்பர்களே, நம் ஊரில் ஒரு வயர்மேனையோ பிளம்பரையோ கண்டுபிடிக்க முன்பெல்லாம் ஒரே வழிதான். சாமான் வாங்கப் போகிற கீழ ராஜ வீதி எலக்ட்ரிகல் கடையில், "அண்ணே, நல்ல ஆளா ஒருத்தரச் சொல்லுங்க" என்று கேட்பது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்களுக்கு எந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னால், "அங்கதான் இன்னார் மகன் இருக்கானே, அவன விட்டுட்டு ஏன் இங்க வந்து கேக்குறீங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். அந்த இன்னார் மகன் ஒழுங்கானவனா, அட்வான்ஸ் வாங்கினால் மறுநாள் வருவானா, மூன்று நாள் வேலையை மூன்று வாரம் இழுப்பானா என்கிற சரித்திரம் முழுக்க டீக்கடையில் இலவசமாகக் கிடைக்கும்.

இந்த முறை தங்கம், இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கடைக்காரருக்கும் அவர் கைகாட்டும் ஆளுக்கும் கமிஷன் கணக்கு இருக்கும். மச்சான், பங்காளி சிபாரிசு இருக்கும். சாதி பார்த்து ஆள் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் ஒன்று. வேலை கெட்டுப்போனால் அந்த ஆளின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நாம் வந்து நிற்போம் என்பது அவனுக்கும் தெரியும். அந்தப் பயத்திலேயே பாதி வேலை ஒழுங்காக நடக்கும்.

இப்போது கையில் செல்போன். "எலக்ட்ரீஷியன்" என்று தட்டினால் போதும், பத்துப் பேர் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் மஞ்சள் நட்சத்திரம். 4.8, 4.9... நம் செமஸ்டர் மார்க்கெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்!

பெரிய நகரத்துக்காரன் இப்படித் தேடுகிறான் என்றால் சரி, அடுத்த பிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரியாது. புதுக்கோட்டையில் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி, கறம்பக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு இரண்டு வீட்டில் ஆண்பிள்ளை சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடாவிலோ இருக்கிறார். வீடு இங்கே எழும்புகிறது, பணம் அங்கிருந்து வருகிறது. நடுவில் இருப்பது செல்போன் மட்டும்தான். அங்கே இருக்கிறவருக்கு டீக்கடைச் சரித்திரம் கேட்காது. நட்சத்திரம்தான் தெரியும்.

என் தாய்மாமா அப்படி ஒருவர். சிங்கப்பூரில் பத்து வருடம் கட்டட வேலை செய்து, ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வீடு கட்டினார். அம்மாயிக்கும் அத்தைக்கும் அவர் செய்ய நினைத்த ஒரே காரியம் அதுதான். வயரிங் என்று வந்தபோது எங்கள் தெரு வயர்மேன் அண்ணன் ஒரு எஸ்டிமேட் கொடுத்தார். செல்போனில் தேடி மாமா பிடித்த திருச்சிக் கம்பெனி ஒன்று இன்னொரு எஸ்டிமேட் கொடுத்தது. கம்பெனியின் எஸ்டிமேட் 12 ஆயிரம் ரூபாய் குறைவு. அதோடு 4.8 நட்சத்திரம், இருநூறுக்கு மேல் ரிவ்யூ. வயர்மேன் அண்ணனுக்கு செல்போனில் பெயரே கிடையாது.

"மாப்ள, சொந்தக்காரன்னு பாத்தா வேலை ஆகாது. இவங்க புரொபஷனல். பாரு, எத்தன பேரு நல்லா எழுதியிருக்காங்க" என்றார் மாமா. நான் அப்போது முதலாமாண்டு. ஓம்ஸ் விதியைத் தாண்டாத ஆள். என்ன சொல்வது?

வேலைக்கு வந்தது நான்கு பையன்கள். அவர்கள் அந்தக் கம்பெனி ஆட்களே இல்லை என்பது சாப்பாடு போட்ட அத்தைக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. கம்பெனி இன்னொருவரிடம் விட்டு, அவர் இன்னொருவரிடம் விட்டு, அவர் அனுப்பிய பையன்கள். அப்படியானால் அந்த இருநூறு பேர் யாரைப் பாராட்டி எழுதினார்கள்? போன் எடுத்துப் பேசிய குரலையா? இந்த இடத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். நட்சத்திரம் இருப்பது போர்டுக்கு. முறுக்கும் கைக்கு இல்லை.

பையன்கள் சுறுசுறுப்பாகத்தான் வேலை பார்த்தார்கள். தினமும் சாயங்காலம் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினார்கள். சுவிட்ச் போர்டு போட்டோ, டி.பி. பாக்ஸ் போட்டோ. கடைசி நாள் எர்த் குழி போட்டோ. அந்தக் குழியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக்கு வடகிழக்கு மூலையில், சிமெண்ட் தொட்டி கட்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, தண்ணீர் ஊற்றப் புனல் வைத்து, மூடி போட்டு, மூடிக்குப் பச்சை பெயிண்டும் அடித்து... நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் பைப் எர்த்திங் படத்தைப் பெரிசாக்கி வைத்த மாதிரி. சிங்கப்பூரில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு அந்தப் போட்டோவைப் பார்த்த மாமா அப்போதே உட்கார்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டார். "டைமுக்கு வந்தார்கள். நீட் வேலை. எர்த் குழி சூப்பர்."

அடுத்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டில் விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மழைக்குப் போகும், வரும், இதில் என்ன அதிசயம்? அத்தை சமையலறையில் ஈரக்கையோடு ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டார்.

அம்மாயி சத்தம் கேட்டுப் போனபோது அத்தை சுவர் ஓரம் கிடந்தார். தூக்கி எறிந்திருக்கிறது. எறிந்ததால் பிழைத்தார், இழுத்துப் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆலங்குடி அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கை ஒரு வாரம் மரத்துப்போய் இருந்தது. இன்றைக்கும் அத்தை ஃபிரிட்ஜைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்.

மறுநாள் வயர்மேன் அண்ணனைத்தான் கூப்பிட்டோம். "அன்னைக்கே என்னைக் கூப்பிட்டிருந்தா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மனுஷன். மெயினை ஆஃப் செய்துவிட்டு ஃபிரிட்ஜ் சாக்கெட்டைக் கழற்றினார். "தம்பி, டிப்ளமோ படிக்கிறல்ல, வந்து பாரு" என்றார். பார்த்தேன். எர்த் முனைக்கு வர வேண்டிய பச்சை வயர் இல்லை. அதற்குப் பதில் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு துண்டு வயர். வீடு முழுக்க, எல்லா மூன்று முனை சாக்கெட்டிலும் அதே துண்டு. வெளியே போய் அந்தச் சூப்பர் குழியின் மூடியைத் தூக்கினோம். பைப் இருக்கிறது. கிளாம்ப்பும் இருக்கிறது. கிளாம்ப்பில் வயர் இல்லை! வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கோயில் வாசலில் வைத்த திருஷ்டி பொம்மை மாதிரி அது பாட்டுக்கு நிற்கிறது.

மற்ற பிரிவு நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மின்னியல்காரர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம். எர்த் முனையை நியூட்ரலோடு கோத்துவிட்டால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. எல்லாம் நன்றாக ஓடும். ஆனால் மீட்டர் போர்டில் நியூட்ரல் வயர் ஒன்று லூசாகிக் கழன்றது என்று வையுங்கள். பேஸ் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போகிற பாதை இல்லை. விளக்கு எரியாது. ஆனால் விளக்கு வழியாகவும் ஃபிரிட்ஜ் மோட்டார் வழியாகவும் வந்து நிற்கிற 230 வோல்ட், அந்த இரண்டு அங்குலத் துண்டு வழியாக ஃபிரிட்ஜின் இரும்பு உடம்புக்கு வந்துவிடும். டெஸ்டர் வைத்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் எரியும். "கரண்ட் இல்லை" என்று நினைக்கிற நேரத்தில்தான் வீட்டில் உள்ள எல்லா இரும்பும் கரண்ட்டாக இருக்கும்.

எங்கள் ஒயரிங் லேப் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பலகையில் அதே மாதிரி ஒரு சாக்கெட்டை இணைத்து, "எர்த் இருக்கான்னு எப்படிப் பார்ப்ப?" என்றார். சீரீஸ் லாம்ப் எடுத்துப் பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. "பாத்தியா, பாஸ்! எர்த் முனையில நியூட்ரல் இருந்தாலும் பல்பு எரியும். அதான் திருட்டு எர்த் போடுறவனுக்குச் சவுகரியம்" என்றார். பிறகு சரியான முறையைக் காட்டினார். நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற இரட்டைத் துருவ மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து நியூட்ரல் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவே பார்க்க வேண்டும். பீப் சத்தம் வந்தால் உள்ளே துண்டு வயர் இருக்கிறது என்று சந்தேகப்பட்டுத் திறந்து பார்க்க வேண்டியதுதான். உங்கள் வீட்டில் இந்த லீவுக்கே பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

மாமா பொய் எழுதவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். ரிவ்யூ என்றாலே காசு கொடுத்து எழுதுவது, கள்ள நோட்டு மாதிரி, நல்லதைப் பிரித்தெடுத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். மாமா எழுதியது நல்ல நோட்டு. டைமுக்கு வந்தது உண்மை. நீட் வேலை உண்மை. குழியும் பார்க்கச் சூப்பர்தான். ஆனால் வேலை முடிந்த அன்றைக்கு, சுவிட்சைப் போட்டதும் லைட் எரிந்த சந்தோஷத்தில் எழுதியது. ஹோட்டல் இட்லி கல்லா பஞ்சா என்று வாயில் வைத்ததும் தெரியும். வயரிங் கல்லா பஞ்சா என்று தெரிய ஒரு ஐப்பசி மழை வர வேண்டும். சிவில் நண்பர்கள் கோபிக்கக் கூடாது. தளத்தில் ஓதம் அடிக்கிறதா, டைல்ஸுக்குப் பின்னால் பைப் ஜாயிண்ட் கசிகிறதா, பூச்சுக்குத் தண்ணீர் காட்டினார்களா, இதெல்லாம் கூட அப்படித்தான். கெடுதல் வெளியே வரும்போது ரிவ்யூ எழுதியவன் அதை மறந்தே போயிருப்பான். பெரும்பாலான நட்சத்திரம் வேலைக்குக் கிடைப்பதில்லை, முதல் நாளுக்குக் கிடைக்கிறது.

போர்வெல் இன்னொரு கூத்து. நம் வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு வண்டி வந்து ராத்திரி முழுக்க ஊரையே உலுக்கும். தண்ணீர் பீறிட்டால் வண்டிக்காரருக்கு ஐந்து நட்சத்திரம், புகைதான் வந்தது என்றால் ஒரே நட்சத்திரம். தண்ணீர் இருப்பதும் இல்லாததும் பாறையின் பாடு, வண்டிக்காரர் பாவம் என்ன செய்வார்? அவரிடம் பார்க்க வேண்டியது வேறு. ஒரு ராடு எத்தனை அடி என்று முதலிலேயே கேட்டு, இறங்கிய ராடை எண்ணி வைத்தாரா, எத்தனை அடிக்குக் கேசிங் இறக்கினார், பில்லில் எத்தனை அடி போட்டார். இதை ஒருத்தரும் எழுதுவதில்லை. நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நாற்பது ரிவ்யூ படித்தேன், ராடைப் பற்றி ஒன்றே ஒன்றில் இருந்தது. அதுவும் ஒரு நட்சத்திரம்.

சரி, கள்ள நோட்டுக்கு வருவோம். 2017ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற ஆள் ஒரு வேடிக்கை செய்தார். பத்து பவுண்டு வாங்கிக்கொண்டு ஹோட்டல்களுக்குப் பொய் ரிவ்யூ எழுதிக்கொடுத்த அனுபவம் அவருக்கு முன்பே உண்டு. டல்விச் என்ற இடத்தில் தான் குடியிருந்த ஷெட்டையே ஒரு ஹோட்டல் என்று டிரிப் அட்வைசரில் பதிந்தார். நண்பர்களை வைத்து ரிவ்யூ எழுதினார். சமையலே நடக்காத அந்த ஷெட், அந்த நவம்பரில் லண்டனின் முதல் நம்பர் ஹோட்டல் ஆகிவிட்டது. இடம் கிடைக்குமா என்று போன் மேல் போன்! படித்தபோது நான் சிரித்தேன். ஆனால் அங்கே ஏமாந்தால் ஒரு வேளைச் சாப்பாடு போகும். இங்கே ஃபிரிட்ஜைத் தொட வேண்டியிருக்கிறதே.

அந்தப் பொய்யை எழுதுகிறவன் எங்கோ இருக்கிறான் என்று நினைக்காதீர்கள். நம் ஹாஸ்டலிலேயே எழுதினோம். என் அறைத்தோழனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "வீட்டிலிருந்தே வேலை, கடைகளுக்கு ஸ்டார் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய்." மூன்று இடத்துக்குப் போட்டான். ஒன்று மலையூர் லாட்ஜ், ஒன்று அழகு நிலையம், இன்னொன்று வடநாட்டு நகரம் ஒன்றில் பிளம்பிங் சர்வீஸ். எதையும் அவன் கண்ணால் பார்த்ததில்லை. 150 ரூபாய் உடனே வந்தது. நாங்கள் நாலு பேர் அதில் பரோட்டா சாப்பிட்டோம். பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். "முன்பணம் கட்டினால் பெரிய டாஸ்க்." ஆயிரம் கட்டினான், 1,300 வந்தது. அடுத்து ஐயாயிரம், அடுத்தது இன்னும் பெரிசு. அதோடு சரி. "இன்னும் கட்டினால்தான் பழைய பணம் வரும்" என்றார்கள். புராஜெக்ட்டுக்கு வைத்திருந்ததும், அவன் அக்கா அனுப்பியதும் சேர்த்து 18 ஆயிரம் போயிற்று. 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். வழியில் ஒரு கணக்கில் நின்றுபோன 3 ஆயிரத்தை மட்டும் பிடித்து வைக்க முடிந்தது.

இது நாடு முழுவதும் நடக்கிற வியாபாரம். 2023 டிசம்பரில், மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் பரிந்துரைத்ததன் பேரில், இப்படிப் பகுதிநேர வேலை என்று சொல்லி மோசடி செய்த 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் போன பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள், நியாயம்தான். அவன் போட்ட அந்த மூன்று நட்சத்திரத்தை யாரும் பேசவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த நகரத்தில் யாரோ ஒரு அத்தை வீட்டில் பைப் உடைந்தால், அதை நம்பித்தான் அந்த பிளம்பரைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவன் அழுதுகொண்டிருந்தான், அதனால் சொல்லவில்லை. இப்போது மலரில் எழுதுகிறேன், படிப்பான்.

அரசாங்கம் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. 2022 நவம்பரில் நம் நாட்டில் இணைய ரிவ்யூவுக்கென்றே ஒரு தர நிர்ணயம் வந்தது. ஐ.எஸ். 19000. எழுதியவன் நிஜ ஆளா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுத வைத்ததைப் போடக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற வகையில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். விரும்பினால் ஹெல்மெட் போடலாம் என்று சொன்னால் நம்மில் எத்தனை பேர் போடுவோம்?

இந்த நட்சத்திர வியாபாரம் ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 1995ல் அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் ஆஞ்சி ஹிக்ஸ் என்ற இளம்பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் வேலை செய்த ஆள் எப்படி?" என்று கேட்டு விவரம் சேர்த்துத்தான் ஆஞ்சீஸ் லிஸ்ட்டைத் தொடங்கினார். நம் டீக்கடை வேலைதான், நோட்டுப் போட்டு எழுதினார் அவ்வளவே. அப்போது காசு கொடுத்தது வீட்டுக்காரர்கள். பிறகு வேலைக்காரர்களிடம் விளம்பரக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். 2016ல் வீட்டுக்காரர்களுக்கு ரிவ்யூவை இலவசமாக்கினார்கள். அடுத்த வருடம் ஹோம் அட்வைசர் என்ற இன்னொரு கம்பெனியோடு இணைந்தார்கள். அந்த ஹோம் அட்வைசர், விலாசம் தேடி வருகிற வாடிக்கையாளர்களின் தரத்தைப் பற்றித் தொழிலாளிகளிடம் தவறாகச் சொல்லி விற்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022ல் நடவடிக்கை எடுத்தது. 2023 ஜனவரியில் 72 லட்சம் டாலர் வரை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏமாந்தது யார் பாருங்கள்: பிளம்பரும், கொத்தனாரும், எலக்ட்ரீஷியனும். நாளைக்கு நாமும் அந்த வரிசைதான். டிப்ளமோ முடித்து எல்லோரும் கம்பெனியில் உட்காரப் போவதில்லையே.

நம் நாட்டிலும் அந்தப் பக்கம் வலி உண்டு. 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன்னால், அதில் வேலை பார்க்கும் அழகுக்கலைப் பெண்கள் திரண்டு உட்கார்ந்தார்கள். கமிஷன், ரேட்டிங், அபராதம் என்று அவர்கள் சொன்ன குறைகள் பத்திரிகைகளில் வந்தன. நாம் சோபாவில் சாய்ந்துகொண்டு விளையாட்டாகப் போடுகிற மூன்று நட்சத்திரம் ஒருத்தியின் மாதச் சம்பளத்தைத் தொடுகிறது.

மாமா கதைக்கு வருகிறேன். அவர் கோபத்தில் சிங்கப்பூரிலிருந்து கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டார். இரண்டு தடவை எடுத்தார்கள், பிறகு எடுக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 1915ல் கேட்டால் வழி சொல்வார்கள் என்று நான் விசாரித்து வைத்தேன். நோட்டீஸ் அனுப்ப விலாசம் வேண்டுமே? செல்போனில் போட்டிருந்த திருச்சி விலாசத்துக்கு நேரே போய்ப் பார்த்தேன். ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. "அப்படி ஒரு கம்பெனியே இங்க இல்லியே தம்பி, உங்களோட சேத்து அஞ்சாறு பேரு வந்து கேட்டுட்டாங்க" என்றார் கடைக்காரர். கரண்ட் இணைப்பு வாங்கும்போது கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் யாரோ ஒரு லைசென்ஸ்காரரின் கையெழுத்து இருந்தது. எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்ததாக அத்தைக்கு ஞாபகம் இல்லை.

லைசென்ஸ் என்றதும் சொல்ல வேண்டியது. மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேனுக்கும், நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் அனுபவம் பெற்று வாங்குகிற மேற்பார்வையாளருக்கும், கான்ட்ராக்டருக்கும் தனித்தனியாகச் சான்று தருகிறது. அதில் பெயர் இருக்கும், நம்பர் இருக்கும். மாமா இருநூறு ரிவ்யூ படித்தார், இந்த ஒரு காகிதத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சான்று யார் பெயரில் இருக்கிறது, வேலைக்கு வருகிறவர் யார் என்று அன்றைக்கே வெளிச்சமாகியிருக்கும். வயர்மேன் அண்ணன் தன் சான்றை லேமினேட் செய்து, டூல்ஸ் பையில், முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லையாம்.

அந்த 12 ஆயிரம் வித்தியாசம் எதனால் என்று அவரிடம் பிறகு கேட்டேன். "ரெண்டு எர்த்து குழி, வீடு பூரா எர்த்து வயரு, ஆர்.சி.சி.பி. ஒண்ணு. வேற என்ன?" என்றார். முப்பது மில்லி ஆம்பியரில் விழுகிற அந்த ஆர்.சி.சி.பி.யும் உருப்படியான எர்த்தும் இருந்திருந்தால் அத்தை சுவர் ஓரம் கிடந்திருக்க மாட்டார். கணக்கு அவ்வளவுதான். அண்ணனே திரும்ப வந்து, சாக்கெட் சாக்கெட்டாகத் துண்டு வயரைப் பிடுங்கி, அந்தச் சூப்பர் குழிக்கு ஒரு வழியாக வயர் இழுத்தார். எட்டு நாள் வேலை. கஜா புயல் 2018 நவம்பர் 16ல் அடித்து ஊரெல்லாம் கம்பம் சாய்ந்து கிடந்தபோது, வெளி மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரிய ஆட்களோடு சேர்ந்து வாரக்கணக்கில் சோறு தண்ணி இல்லாமல் கம்பம் தூக்கியவர் இவர். ஊருக்கு இது தெரியும். செல்போனுக்குத் தெரியாது.

தெரியட்டும் என்று நானே போன மாதம் அவர் பெயரை மேப்பில் ஏற்றிவிட்டேன். பெயர், நம்பர், கறம்பக்குடி ரோட்டில் அவர் தம்பி வைத்திருக்கும் சைக்கிள் கடை விலாசம். பதினைந்து நாளில் மூன்று ரிவ்யூ வந்தது. இரண்டு ஐந்து நட்சத்திரம். மூன்றாவது ஒன்று. "அனாவசியமாகச் செலவு வைக்கிறார். சொன்ன வேலையைச் செய்யாமல் பாதியில் போய்விட்டார்." சராசரி 3.7க்கு விழுந்துவிட்டது.

அண்ணனிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது யாருன்னு தெரியும் தம்பி. எர்த்து வேணாம், நியூட்ரல்ல கோத்து விட்டுரு, செலவு மிச்சம்னாரு. டூல்ஸ எடுத்துட்டு வந்துட்டேன்."

"அழிக்க முடியாதாண்ணே?" என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், அழிக்கச் சொல்லி மனுக் கொடுத்துப் பார்க்கலாமா என்று. "எதுக்கு அழிக்கணும்? கீழ பதில் எழுத இடம் இருக்குன்னியே, எழுது" என்றார். தட்டினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது:

"ஐயா வணக்கம். எர்த் போடாமல் நான் லைன் கொடுப்பதில்லை. நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் ஐந்நூறு ரூபாய் என் தம்பி கடையில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்."